உலகம்மாளுக்காக ருசி பார்த்த இரண்டு நாட்கள்

சனிக்கிழமை, காலை 7.25. எழும்பூரில் முந்தின நாள் ஏறிய வண்டி எங்களைத் தென்காசியில் இறக்கிவிட்டது. ஆனி மாதம். பெட்டியை விட்டு இறங்கியதுமே முகத்தில் சாரல் அடித்தது. அதை மழை என்று சொல்ல முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெய்கிற மழையின் மிச்சம் கணவாய் வழியாக வந்து சட்டையை லேசாக நனைத்துவிட்டுப் போகும். நடைமேடையில் என் மனைவி உலகம்மாள் இரண்டு பைகளையும் கீழே வைத்துவிட்டு, மேற்கே மலையைப் பார்த்துத் தலையைத் தூக்கி மூச்சை இழுத்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

“ஒண்ணும் இல்ல. நடங்க,” என்றாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னால் வந்த கொரோனாக் காய்ச்சலில் உலகம்மாளுக்கு மூக்கும் நாக்கும் போய்விட்டன. எங்கள் தெருவில் பலருக்கு அப்படிப் போய், பத்து நாளிலோ ஒரு மாதத்திலோ திரும்பி வந்தது. இவளுக்கு வரவில்லை. மிளகாயைக் கடித்தால் சுரீர் என்று எரியும், அவ்வளவுதான். உப்பு, புளிப்பு, இனிப்பு, காப்பித்தூள் வாசனை, மல்லிகைப் பூ, அடிபிடிக்கிற பால், எதுவும் தெரியாது. பார்த்த டாக்டர்கள் மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வந்தாலும் வரும், வராமலும் போகும்.

இவள் பிறந்த ஊர் செங்கோட்டைக்குப் பக்கத்தில் வடகரை. கோயில் காரியங்களோடு சம்பந்தப்பட்ட சைவக் குடும்பம். அந்த வீட்டில் சாமிக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். அதனால் சமைக்கும்போது ருசி பார்க்கிற பேச்சே கிடையாது. மூடியைத் தூக்கி, ஆவியை முகர்ந்தே உப்பு போதுமா, புளியின் பச்சை வாடை போயிற்றா என்று சொல்லிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் நான் இதை நம்பவில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் கணக்கு தப்பியதில்லை, அந்தக் காய்ச்சல் வரும்வரை.

போன மாதம் ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். “சாரல் விழுந்துட்டுன்னு அக்கா சொல்லுதா. ஒரு தடவ போயிட்டு வருவோம். அந்தக் காத்துல நின்னு, அந்த ஊர்ச் சாப்பாட்டச் சாப்பிட்டும் எனக்கு ஒண்ணும் தெரியலைன்னா, அடுப்ப விட்டுருதேன். சமைக்க ஒரு ஆளு வச்சுக்கிடுவோம்,” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுநாளே டிக்கெட் போட்டேன்.

ஆகவே இது சாப்பிடப் போன பயணம். குற்றாலத்துக்குப் போகிறவர்கள் எங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டால், இதில் விவரம் உண்டு. என்னைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் திண்டிவனம், இருப்பது அம்பத்தூர். சட்டினி புளித்திருந்தால் ஓட்டலில் சண்டை போடுவேன். என்னோடு வெளியே சாப்பிட வர என் மகனே யோசிப்பான்.

காலை 8.15. விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளியது. கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் எட்டு மேசை போட்ட சிற்றுண்டிக் கடை இருக்கிறது. கும்பலைப் பார்த்துத்தான் உள்ளே போனோம். இட்லி பத்து ரூபாய், ரசவடை பதினைந்து, தேநீர் பன்னிரண்டு. ரசவடை என்பது சூடான மிளகு ரசத்தில் ஊறப்போட்ட பருப்பு வடை. அதைச் சாப்பிடாமல் தென்காசியை விட்டுப் போகக் கூடாது.

இலையைப் போட்டதும் உலகம்மாள், “ம், சொல்லுங்க,” என்றாள். இதுதான் எங்கள் ஏற்பாடு. இந்த இரண்டு நாளும் நான் முதலில் சாப்பிட்டு, என்ன ருசி என்று சொல்ல வேண்டும். அவள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். எங்கேயாவது என் சொல்லும் சாப்பாட்டின் ருசியும் ஒன்று சேர்ந்து வாயில் பிடிபட்டுவிடாதா என்ற ஆசை.

“இட்லி மெத்துனு இருக்கு. மாவு கொஞ்சம் புளிச்சிருக்கு, ஆனா பாதகமில்ல. ரசத்துல மிளகு தூக்கலா இருக்கு, பூண்டைத் தட்டிப் போட்டிருக்காங்க. வடை ஓரம் இன்னும் மொறுமொறுன்னு இருக்கு, நடுவுல ஊறிப்போச்சு. தேங்காச் சட்டினிதான் மோசம்.” பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன். “என்ன தம்பி, இதுல தேங்காயைத் தேட வேண்டியிருக்கு? முழுக்கப் பொட்டுக்கடலையாக் கிடக்கு.”

“சீசன்லா அண்ணாச்சி. தேங்கா என்ன வெல விக்குதுன்னு தெரியுமா ஒங்களுக்கு? பேசாம சாம்பார் ஊத்திச் சாப்பிடுங்க,” என்று ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போய்விட்டார். உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தென்காசியில் கால் வைத்ததுமே அவளுடைய சென்னைத் தமிழும் எங்கேயோ போய்விட்டது. “சவத்த விடுங்க, நல்லா வேணும் ஒங்களுக்கு,” என்றாள். இரண்டு வடையைச் சாப்பிட்டு முடித்து, ரசத்தையும் கிண்ணத்தோடு குடித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

10.10. குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். நகரப் பேருந்தில் எனக்குப் பத்து ரூபாய், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் என்னிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு, “ஆச்சிக்கு இந்தாங்க,” என்று இலவசச் சீட்டையும் நீட்டினார். இறங்கும்வரை உலகம்மாள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். “ஆச்சியாம்லா. ரெண்டு முடி நரைச்சா ஆச்சியாக்கிருவாவ.”

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஆண்கள் பக்கம் கும்பலில் பத்து நிமிடம் தலையைக் காட்டிவிட்டு, முதுகில் நாலு பேர் முழங்கை பட்டதும் போதும் என்று வெளியே வந்துவிட்டேன். உலகம்மாள் பெண்கள் பக்கம் போனவள் ஒரு மணி நேரம் வரவில்லை. வந்தபோது உதடு வெளுத்து, விரல்கள் சுருங்கி, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. “பசி பிச்சுப் புடுங்குது,” என்றாள். குற்றாலத்தில் சாப்பாட்டுக் கடைகள் பிழைப்பதே அருவியால்தான். குளித்து வந்தவனுக்குக் கல்லைக் கொடுத்தாலும் தின்பான்.

அருவிக்குப் போகிற வழியில் பஜ்ஜிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எண்ணெய் கறுக்காத கடையாகப் பார்த்து உட்காருங்கள். வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய் பஜ்ஜியும் கலந்து ஒரு தட்டு நாற்பது ரூபாய். மிளகாய் பஜ்ஜியைக் கடித்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. “இது தெரியுது. எரியுது,” என்று சந்தோஷமாகச் சொல்லி இன்னும் இரண்டு கேட்டாள்.

பழக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன், முள்சீத்தா எல்லாம் வந்திருந்தன. மங்குஸ்தான் கிலோ நானூறு. பேரம் பேசினால் முந்நூற்றைம்பதுக்கு வரும். கடையில் இருந்த அம்மாள் ஒரு பழத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கி உடைத்து, வெள்ளைச் சுளையை நீட்டினார். நான் தின்றுவிட்டு மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன். “முதல்ல இனிப்பு. உடனே பின்னாலயே ஒரு புளிப்பு வருது, ஆனா பல் கூசல. ரோஜாப்பூத் தண்ணி மாதிரி லேசா ஒரு வாசம். சுளை நாக்குல நிக்கல, கரைஞ்சு போயிடுது.” உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சுளையை வாயில் அடக்கியிருந்தாள்.

பழக்கார அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணாச்சி, நீங்க சாய்ங்காலம் வரைக்கும் இங்கன நின்னு இப்படியே பேசுங்க. எனக்கு ஏவாரம் நல்லா ஓடும்,” என்றார். பிறகு, “அக்காவுக்கு என்ன, உடம்புக்குச் சொகமில்லையா?” என்று கேட்டார். உலகம்மாள் காரணத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் இன்னொரு பழத்தை உடைத்து அவள் கையில் வைத்தார்.

3.45. குற்றாலம் கடைவீதி. நேந்திரங்காய் வற்றலை நம் கண்ணெதிரே தேங்காயெண்ணெயில் பொரித்துத் தருகிற கடைகள் இங்கே ஏராளம். கால் கிலோ நூறு ரூபாய். சூட்டோடு வாங்கினால் பொட்டலத்தைக் கட்ட விடாதீர்கள், வேர்த்து நமத்துப்போகும். உலகம்மாள் சின்ன வயதில் குற்றாலத்துக்கு வந்தால் இந்த எண்ணெய் வாசனை தெரு முனையிலேயே வந்து கூப்பிடும் என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு கடையில் பெரிய இரும்புச் சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எண்ணெய் புகைந்தது. வாழைக்காய்ச் சீவல் விழுந்து சோவென்று சத்தம் போட்டது. உப்புத் தண்ணீரைத் தெளித்தபோது நுரை பொங்கி அடங்கியது. பொரிக்கிறவர், “தள்ளி நில்லுங்கம்மா, தெறிக்கும்,” என்று மூன்று தடவை சொன்னார். அவள் நகரவில்லை.

கால் மணி நேரம் கழித்து என்னிடம் வந்தாள். “சூடு மட்டும் மூஞ்சில அடிக்குது. சத்தம் கேக்குது. எல்லாம் அப்படியே இருக்கு, நான்தான் இங்கன இல்லாத மாதிரி இருக்கு,” என்றாள். வற்றல் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தின்றுகொண்டே பேருந்து நிலையம் வரை நடந்தோம்.

மாலை 7.00. செங்கோட்டைக்கு அருகில் பிரானூர் பார்டர். கேரளப் பதிவெண் போட்ட கார்கள் சாலையின் இரு பக்கமும் நிற்பதைப் பார்த்தாலே பரோட்டாக் கடைகள் வந்துவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம். நான் அசைவம் சாப்பிடுவேன், உலகம்மாள் பிறந்தது முதல் தொட்டதில்லை. வேண்டாம் என்று நான் சொன்னபோது அவள்தான் பிடிவாதமாக அழைத்துப்போனாள். பொரித்த பரோட்டா ஒன்று பதினைந்து, நாட்டுக்கோழி மிளகு வறுவல் இருநூற்று இருபது. அவள் ஒரு எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“இதையும் சொல்லுங்க.”

“நீதான் சாப்பிட்டதே இல்லையே. சொன்னா என்ன புரியும்?”

“அதான் சொல்லுங்கங்கேன். தெரிஞ்சதச் சொன்னாத்தான் வலிக்குது.”

சொன்னேன். பரோட்டாவின் மேல் ஏடு நொறுங்குவதையும், அடியில் சால்னா இறங்கி மிருதுவானதையும், மிளகும் சின்ன வெங்காயமும் எண்ணெயில் வதங்கிய காரத்தையும் சொன்னேன். கோழி கொஞ்சம் முற்றல், கால் துண்டைக் கடித்து இழுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள், நடுநடுவே கேள்வியும் கேட்டாள். காலையிலிருந்து சட்டினி முதல் கோழி வரை இருப்பதை இருக்கிறபடி சொல்லி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா?

ஏனென்றால் வீட்டில் மூன்று வருடமாக நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூக்கு போன பிறகும் அவள் விடாமல் சமைத்தாள். உப்பைக் கரண்டியில் அளந்தாள், புளியைத் தராசில் நிறுத்தாள், கடிகாரத்தைப் பார்த்து அடுப்பை அணைத்தாள். அப்படியும் ஒரு நாள் உப்பு கரிக்கும், ஒரு நாள் வெந்தயம் கருகிக் கசக்கும். முதல் நாள் அவள், “எப்படி இருக்கு?” என்று கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு,” என்று சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தினமும் அதே பதில். ஊரில் உள்ள ஓட்டலில் எல்லாம் சண்டை போடுகிற மனிதன் சொந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30. தென்காசியில் தங்கிய அறைக்கு ஆயிரத்து நானூறு கொடுத்துவிட்டு, பேருந்தில் எட்டு கிலோமீட்டர் செங்கோட்டைக்குப் போய், அங்கிருந்து வடகரைக்கு ஆட்டோ பிடித்தோம். இருநூறு ரூபாய். இரு பக்கமும் நடவு முடிந்த வயல், அதைத் தாண்டித் தென்னந்தோப்பு, அதற்குப் பின்னால் மேகம் மூடிய மலை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, “எங்கனருந்து வாரிய?” என்றார். மெட்ராஸ் என்றேன். “அங்க எல்லாம் கெடைக்குமே, பொறவு எதுக்கு இந்த மழைல வந்து நனையுதிய?” என்று கேட்டார். உலகம்மாள், “அங்க கெடைக்காத ஒண்ணத் தேடி வந்திருக்கோம்,” என்றாள்.

11.15. உலகம்மாளின் அக்கா கோமதி வீடு. நான் மதினி என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் பாவூர்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். “வாங்க தம்பி, பயணமெல்லாம் சொகமா?” என்று வரவேற்ற குரலே கட்டியிருந்தது. சாரலில் நனைந்து ஜலதோஷம், நாலு நாளாக மூக்கு அடைப்பு. அப்படியும் தங்கைக்காகச் சொதி வைத்துக்கொண்டிருந்தார்.

சொதியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற குழம்பு அது. தேங்காயை மூன்று தடவை பால் பிழிந்து, மூன்றாம் பாலில் காய்கறியையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்கி, எலுமிச்சை பிழிவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். எந்த ஓட்டலிலும் இது சரியாக வராது. உலகம்மாள் செய்கிற சொதிக்காக என் நண்பர்கள் ஒரு காலத்தில் அம்பத்தூருக்கு வருவார்கள்.

அக்காவும் தங்கையும் அடுப்படியில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். முதல் பாலை ஊற்றியதும் மதினி மூடியைத் தூக்கி ஆவியில் முகத்தைக் காட்டினார். பிறகு பழக்க தோஷத்தில் உலகம்மாளும் குனிந்து காட்டினாள். ஒருத்திக்கு ஜலதோஷம், ஒருத்திக்கு மூக்கே இல்லை. “சரிதானட்டி?” என்றார் அக்கா. “சரியாத்தான் இருக்கும்,” என்றாள் தங்கை. இறக்கி வைத்துச் சாமிக்குக் காட்டினார்கள்.

12.45. எங்கள் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார்கள். மதினி நின்று பரிமாறினார். சொதியை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பு இல்லை. குறைவு என்றால்கூடப் பரவாயில்லை, ஒரு கல்கூட இல்லை. வெறும் பாலில் வெந்த காய். மதினி கரண்டியோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உலகம்மாள் இந்தப் பக்கம் திரும்பி, இரண்டு நாளில் நான் பார்க்காத ஒரு ஆவலோடு, “சொல்லுங்க. உப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“கணக்கா இருக்கு,” என்றேன்.

அது தானாக வந்தது. மூன்று வருடம் சொல்லிப் பழகிய வாய் யோசிக்கவே இல்லை. அதோடு விட்டேனா? “பால் அப்படியே மணக்குது, எலுமிச்சை அளவா இருக்கு, உப்பும் புளிப்பும் ஒண்ணுக்கொண்ணு சரியா நிக்குது,” என்று அடுக்கினேன். நம்ப வைப்பதற்காக இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, நான் சொன்ன ஒவ்வொன்றையும் வாயில் தேடித் தேடி மென்றாள். “உப்பு தெரியுத மாதிரி இருக்கு. லேசா. நெசமாத்தான்,” என்றாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டேன்.

நாங்கள் எழுந்த பிறகு மதினி உட்கார்ந்தார். ஜலதோஷம் மூக்கைத்தான் அடைத்திருந்தது, நாக்கை இல்லை. முதல் கவளத்திலேயே கையை உதறினார். “ஏட்டி உலகு, உப்பே போடலயே. பேச்சுவாக்குல மறந்துட்டேன் பாரு. தம்பி ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவளே, ஒரு வார்த்த சொல்லலயே. எம்மனசு நோகக் கூடாதுன்னு இருந்திருக்காவ. நீ குடுத்து வச்சவட்டி,” என்று சிரித்தார்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. கை துடைத்துக்கொண்டிருந்த துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு அக்காவோடு பேசினாள், புறப்படும்போது கட்டிக்கொண்டாள், என்னோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவில் நான் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அவள் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

4.50. செங்கோட்டை ரயில் நிலையம். எங்கள் வண்டி இங்கிருந்துதான் புறப்படுகிறது, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிலையத்துக்கு வெளியே வாழைப்பழத்தில் போடுகிற பழம்பொரியும் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் நன்றாக இருக்கும் என்று ஊரில் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் வாங்கவில்லை, அதனால் அதைப் பற்றி எழுத முடியாது. நடைமேடையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். சாரல் மறுபடியும் ஆரம்பித்திருந்தது.

“நேத்து சொன்னதெல்லாம்?” என்று கேட்டாள்.

“நேத்து சொன்னது அத்தனையும் உண்மை.”

“வீட்டுல?”

நான் டிக்கெட்டை எடுத்துப் பெட்டி எண்ணைப் பார்த்தேன்.

“கேக்குதேன்லா. வீட்டுல, இந்த மூணு வருசமா. என் சாம்பார் எப்படி இருக்கு?”

பொய் சொல்ல இனி இடம் இல்லை. “உப்பு நெலையா இருக்கறதில்ல. ஒரு நாள் கூட, ஒரு நாள் கம்மி.”

“வத்தக்குழம்பு?”

“வெந்தயம் கருகிடுது. கசக்குது.”

“ரசம்?”

“ரசம் ரசமாவே இல்ல, உலகு.”

கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. “ஓட்டல்ல சட்டினிக்குச் சண்ட போடுத மனுசன். ஊரான் அச்சடிச்சதுல ஒரு எழுத்து தப்புன்னா விடமாட்டிய. எங்கிட்ட மட்டும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு. நான் என்ன சின்னப் பிள்ளையா? தெனமும் நான் கேட்டதே, நீங்க சொன்னா அதப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறி வந்துருவேன்னு நெனச்சுத்தான். இன்னைக்கு உப்பு தெரியுதுன்னு சொன்னேனே, கேட்டியள்லா. இல்லாத உப்பு எனக்குத் தெரிஞ்சுது. எம்புட்டு அசிங்கம்.”

“உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்.”

“எம்மனசு என்ன ஆச்சுன்னு இப்பப் பாருங்க.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி, விடுங்க. ஊருக்குப் போனதும் ஒரு ஆளு பாத்துருவோம். ஒங்களுக்காவது வாய்க்கு வக்கணையா ஏதாவது கெடைக்கட்டும். எனக்கு என்னத்தப் போட்டாலும் ஒண்ணுதான்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான், “அதெல்லாம் வேணாம், எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்று சொல்லியிருப்பேன். நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியாமல் பேச ஆரம்பித்தேன்.

“ஆள் வெச்சா எனக்குப் போதாது. எனக்கு நீ வைக்கிற ரசம் வேணும். சாயங்காலம் அச்சகத்துலேருந்து வந்தா, மாடிப்படி ஏறும்போதே தெரியும் இன்னைக்கு ரசம்னு. கையைக் கழுவாம வந்து அடுப்புகிட்ட நிப்பேன், நீ கரண்டியால அடிப்ப. அதை நினைச்சு எத்தனை நாள் படிக்கட்டுல நின்னிருக்கேன் தெரியுமா? மேல நீ இருக்க, அடுப்பு எரியுது, வாசனை மட்டும் வேற. ரெண்டு நாளா தெரு தெருவாத் தின்னேன். நல்லாத்தான் இருந்துது. ஆனா ஒவ்வொண்ணையும் வாயில வைக்கும்போது நான் தேடினது உன் கை ருசியைத்தான். யார்கிட்டப் போய்ச் சொல்றது? உன்கிட்டச் சொன்னா உனக்கு வலிக்கும். மூணு வருஷமா முழுங்கிட்டே இருக்கேன்.”

அறுபத்திரண்டு வயதுக்காரன் நடைமேடையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து பெஞ்சில் பலாப்பழத்தைக் காலடியில் வைத்திருந்த கேரளக்காரக் குடும்பம் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தது.

உலகம்மாள் தேற்றவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியப்பட்டவள் போல என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள். “நீங்க நல்லா ருசிச்சுச் சாப்பிடுதியன்னு, ராத்திரி படுத்துக்கிட்டு ஒங்க மேல பொறாமகூடப் பட்டிருக்கேன்.”

வண்டி வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தோம். 6.20க்குப் புறப்பட்டு, கால் மணி நேரத்தில் தென்காசி வந்தது. குற்றாலத்துப் பைகளும் வற்றல் பொட்டலங்களுமாக ஆட்கள் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள், பெட்டி முழுவதும் தேங்காயெண்ணெய் வாசனை. மேற்கே மலையில் மழை இருட்டிக்கொண்டு இறங்கியது. இன்னொரு சீசனுக்கு வருவோமா, வந்தால் எதைத் தேடி வருவோம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்பத்தூரில் விடிந்தால் அதே அடுப்பு இருக்கும். உலகம்மாள் சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்போ இத்தன நாளா நீங்களும் பட்டினியாத்தான் கெடந்தியளா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.